ஓடி ஒளிந்த ஆயர்

திருச்சபையின் நாட்காட்டியில் புனிதர்களின் திருநாள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே வரும். அதனை விண்ணகத்தில் அவர்கள் பிறந்த நாள் என்று கருதுவது நம் மரபு. டிசம்பர் 7-ஆம் நாள் நாம் கொண்டாடும் புனித அம்புரோசியாரின் திருநாள் இதற்கு விலக்கு. அவர் இறந்தது ஏப்ரல் 4-ஆம் நாள். அந்த நாள் தவக்காலத்திலோ பாஸ்கு வாரத்திலோ விழுந்துவிடுவது வழக்கம். ஆகவே அவர் மிலான் நகரின் ஆயராக அபிஷேகம் பெற்ற நாளையே திருச்சபை விழாநாளாக வைத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு, தோழியரே. எந்த நாள் தம் வாழ்வில் வரவே கூடாது என்று அவர் ஊரைவிட்டே ஓடிப் பார்த்தாரோ, அந்த நாள்தான் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது!

பள்ளி திறந்ததும் மாணவியர் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் பார்க்கிறோம் அல்லவா? தன் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பவர்கள் சிலர். பெயர் காதில் விழுந்ததும் பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொள்பவர்கள் சிலர். அம்புரோசியார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஆனால் குனிந்தவர் நிமிர்ந்தபோது பேரரசரே அவர் முன் தலை தாழ்த்த வேண்டியதாயிற்று.

ஏறத்தாழ கி.பி. 340-ஆம் ஆண்டில், இன்றைய ஜெர்மனி நாட்டிலுள்ள திரியர் நகரில் அவர் பிறந்தார். தந்தை உரோமைப் பேரரசின் மிகப்பெரிய அதிகாரிகளுள் ஒருவர். அவர் இறந்தபின் தாயார் தம் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உரோமை நகருக்குக் குடிவந்தார். மூத்தவள் மர்செல்லினா. மற்றொருவர் சத்தீருஸ். கடைக்குட்டி அம்புரோசியார்.

தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்தில் தேனீக்கள் மொய்த்து, வாயினுள் புகுந்து வெளிவந்து, கொட்டாமல் பறந்து போயின என்றொரு கதை உண்டு. அதனால்தான் படங்களில் அவர் பக்கத்தில் தேன்கூட்டை வரைகிறார்கள். அந்தக் கதையை விட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஆயர்கள் வீட்டுக்கு வரும்போது தாயாரும் அக்காளும் அவர்களுடைய கையை முத்தி செய்வதைச் சிறுவன் பார்த்திருக்கிறான். அவர்கள் போனபின் தன் கையை அக்காளிடம் நீட்டி, தானும் ஒரு நாள் ஆயராகப் போவதால் இதையும் முத்தி செய்ய வேண்டும் என்றானாம். சிறுபிள்ளையின் குறும்பு என்று கையைத் தட்டிவிட்டார்கள். தம்பி இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு காட்சி இன்றும் நடக்கக்கூடியதுதான்.

அக்காள் மர்செல்லினா தம் வாழ்வை இறைவனுக்கு அர்ப்பணித்து, உரோமையில் புனித இராயப்பர் பேராலயத்தில் பாப்பரசர் லிபேரியுசின் கையால் கன்னியர் முக்காட்டைப் பெற்றார். தம்பியோ சட்டம் பயின்று, வழக்கறிஞராகப் பெயர் பெற்று, முப்பது வயதை ஒட்டியே வட இத்தாலியில் ஒரு மாநிலத்துக்கு ஆளுநரானார். அவருடைய தலைமையிடம் மிலான். அந்நாளில் மேற்குப் பகுதிப் பேரரசர்கள் தங்கும் நகரம் அது. அவரை அங்கே அனுப்பிய புரோபுஸ் என்னும் பெரிய அதிகாரி, நீதிபதியைப் போலன்றி ஓர் ஆயரைப் போல மக்களை ஆளும்படி சொல்லி வழியனுப்பினாராம். கண்டிப்போடு கருணையும் வேண்டும் என்ற கருத்தில் சொன்னதுதான். அது எழுத்துக்கு எழுத்து நடந்தேறும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

கி.பி. 374-இல் மிலான் ஆயர் அவுக்சென்சியுஸ் இறந்தார். அவர் ஆரியுஸ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றியவர். (ஆரியர் என்ற இனப் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கிறிஸ்து தந்தைக்கு நிகரான கடவுள் அல்லர் என்பது அவர்கள் கொள்கை. கி.பி. 325-இல் நீசேயா சங்கம் அதைத் தவறென்று தள்ளிவிட்ட பிறகும் அரண்மனைகளில் அதற்குச் செல்வாக்கு இருந்தது. ஆகவே அடுத்த ஆயர் யார் என்பதில் மிலான் இரண்டாகப் பிளந்தது. ஆலயத்துக்குள்ளேயே கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. எந்த நேரமும் கைகலப்பு மூளலாம் என்ற நிலை.

அமைதி காப்பது ஆளுநரின் கடமை. அம்புரோசியார் ஆலயத்துக்குச் சென்று, இரு தரப்பாரையும் பொறுமையாக இருக்கும்படி பேசினார். அப்போது கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குழந்தையின் குரல் அவர் பெயரைச் சொல்லி, அவரே ஆயர் என்று கூவியது என எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த நொடியில் கூட்டம் முழுவதும் அதையே முழங்கியது. அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இதில் ஒத்துப்போயின!

அம்புரோசியார் திடுக்கிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவர் குருவானவர் அல்லர். அதுமட்டுமா? ஞானஸ்நானமே இன்னும் பெறவில்லை. அக்காலத்தில் பலர் வயது முதிரும் வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவார்கள். அவரும் அப்படித்தான் இருந்தார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரை உடனே ஆயராக்கக் கூடாது என்று நீசேயா சங்கமே விதித்திருந்தது. சட்டம் படித்த அவருக்கு இது தெரியாதா? சொல்லிப் பார்த்தார். மக்கள் கேட்கவில்லை.

பிறகு அவர் செய்தவற்றைப் படித்தால் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே வருகின்றன. நீதிமன்றம் கூட்டி, வழக்கத்துக்கு மாறாகக் குற்றவாளிகளை வதைக்கும்படி ஆணையிட்டார். கொடியவன் என்று மக்கள் வெறுத்து ஒதுக்குவார்கள் என்பது கணக்கு. மக்களோ அந்தப் பாவம் தங்கள் மேல் இருக்கட்டும் என்றார்கள். தம் நற்பெயரைத் தாமே கெடுத்துக்கொள்ளவும் முயன்றார். அதையும் ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் நள்ளிரவில் பவியா நகரை நோக்கிக் குதிரையைத் தட்டிவிட்டார். இருட்டில் வழி தவறிவிட்டது. பொழுது விடிந்து பார்த்தால் அதே மிலான் நகரின் கோட்டை வாயிலில் நிற்கிறார்! மக்கள் அவரைக் காவலில் வைத்துக்கொண்டு பேரரசருக்கு எழுதினார்கள். மறுபடியும் தப்பி, லெயோன்சியுஸ் என்ற நண்பரின் பண்ணையில் ஒளிந்துகொண்டார். பேரரசர் வலந்தீனியன் சம்மதம் தந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும், நண்பரே அவரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

கத்தோலிக்க ஆயர் ஒருவரே தமக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற எட்டாம் நாள், 374 டிசம்பர் 7-இல், ஆயராக அபிஷேகம் பெற்றார்.

ஓடும் வரை ஓடிய மனிதர், பொறுப்பு தலையில் ஏறியபின் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வேலையாகத் தம்மிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தார். நிலங்களையும் எழுதிவைத்தார், அவற்றின் வருவாய் அக்காளின் வாழ்நாள் வரை அவருக்குக் கிடைக்கும்படி மட்டும் ஏற்பாடு செய்தார். வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளச் சத்தீருஸ் தம் அரசுப் பதவியை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். பிறகு சிம்பிளிசியானுஸ் என்ற முதிய குருவிடம் மாணவனைப் போல அமர்ந்து வேதம் படித்தார். நேற்றுவரை ஊரை ஆண்டவர், இன்று பாடப் புத்தகத்தைத் திறக்கிறார். தாம் கற்பதற்கு முன்பே கற்பிக்க நேர்ந்துவிட்டது என்ற குறை அவருக்கு இருந்தது. அதைப் பிற்காலத்தில் தாம் எழுதிய நூலிலேயே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அது குருக்களின் கடமைகளைப் பற்றிய நூல். அதில் ஒரு செய்தி: குருத்துவத்துக்கு வர விரும்பிய நண்பர் ஒருவரை, அவருடைய நடை உடை அசைவுகள் ஒழுங்காக இல்லை என்று அம்புரோசியார் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே பணியில் இருந்த இன்னொருவரைத் தமக்கு முன்னால் நடக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்; அந்த நடையிலிருந்த செருக்கு அவருடைய கண்ணைக் குத்தியதாம். பின்னாளில் இருவருமே திருச்சபையை விட்டுப் போனார்கள் என்று எழுதுகிறார். நடையைப் பார்த்து ஆளை எடைபோடலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் அது முழுமையாக உடன்பாடில்லை. ஆனால் கல்வியும் குலமும் பார்த்துப் பதவி கொடுத்த காலத்தில், ஒருவரின் குணத்தைப் பார்க்க வேண்டும் என்று முனைந்த ஆயர் அவர் என்பதை மறுக்க முடியாது.

கி.பி. 378-இல் அட்ரியானோப்பிள் என்ற இடத்தில் கோத்தியர்கள் உரோமைப் படையை முறியடித்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாகப் பிடிபட்டார்கள். அவர்களை விலை கொடுத்து மீட்கக் கையில் பணமில்லை. அம்புரோசியார் ஆலயத்தின் பொற்பாத்திரங்களை உடைத்து உருக்கினார். எதிர்க்கட்சியினர் தூற்றினார்கள், கடவுளுக்கென்று கொடுத்ததை அழிக்க இவருக்கு என்ன உரிமை என்றார்கள். மனிதரை மீட்டதில்தான் அந்தப் பொன் தன் பயனை அடைந்தது என்பது அவர் தந்த விளக்கம்.

அவருடைய வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். யாரும் முன்னறிவிப்பின்றி உள்ளே போகலாம். வழக்கு, வம்பு, வறுமை என்று வருபவர்களின் கூட்டம் ஓயாது. கிடைத்த சிறு இடைவேளையில் அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, வாய் திறவாமல், கண்ணால் மட்டும் படித்துக்கொண்டிருப்பார். வாய்விட்டுப் படிப்பது பரவலாக இருந்த காலம் அது. இதைப் பார்த்துக் குறித்துவைத்தவர் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளம் பேராசிரியர், அகுஸ்தினார். எதையோ கேட்க வேண்டும் என்று வருவார். அவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். தொந்தரவு செய்ய மனமின்றி எழுந்து போய்விடுவார். முதலில் அவரைக் கவர்ந்தது அம்புரோசியாரின் போதனை அன்று; அயலூரானாகிய தம்மை அவர் அன்போடு வரவேற்ற விதம்தான். 387-இல் பாஸ்குத் திருவிழிப்பு இரவில் அகுஸ்தினார் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். மகனுக்காக ஆண்டுக்கணக்கில் கண்ணீர் விட்ட தாய் மோனிக்காவின் கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. அவர் தம் ஊர் வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைக்குக் கஞ்சியும் அப்பமும் இரசமும் எடுத்துச் சென்றபோது, ஆயர் அதைத் தடை செய்திருப்பதாக வாயிற்காவலன் சொன்னான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கூடையோடு திரும்பிவிட்டாராம். யார் சொன்னாலும் அப்படிக் கேட்டிருப்பாரோ என்னவோ என்று மகனே ஐயப்படுகிறார்!

அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்தப் பெரும் சோதனை வந்தது. சிறுவனாயிருந்த இரண்டாம் வலந்தீனியனின் பெயரால் ஆட்சியைத் தாங்கிநின்ற தாய் யுஸ்தினா, ஆரியுசின் கட்சியைச் சேர்ந்தவர். தம்மவர்களுக்கு மிலானில் ஓர் ஆலயத்தை விட்டுத்தரும்படி கேட்டார். தம் சொத்து என்றால் தந்துவிடலாம், இறைவனுடையதைத் தர தமக்கு உரிமையில்லை என்று அம்புரோசியார் மறுத்தார். 386-இல் படைவீரர்கள் வந்து ஆலயத்தைச் சூழ்ந்தார்கள். ஆயரும் மக்களும் உள்ளேயே இரவும் பகலும் காத்திருந்தார்கள்; மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மக்கள் சோர்ந்துபோகாதிருக்க, சங்கீதங்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் இரண்டு பிரிவாக மாறி மாறிப் பாடச் செய்தார். கையில் ஆயுதம் எடுக்க ஒருவரையும் அவர் விடவில்லை. கடைசியில் அரண்மனைதான் பின்வாங்கியது. இந்த நாட்களைப் பற்றியெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிவதற்குக் காரணம், அவர் அக்காள் மர்செல்லினாவுக்கு ஒன்று விடாமல் கடிதம் எழுதியதுதான்.

அக்காளுக்கு எழுதிய இன்னொரு கடிதம் நம் மனத்தை உறுத்துகிறது. 388-இல் யூப்ரத்தீஸ் நதிக்கரையில் உள்ள கல்லினிக்கும் என்ற ஊரில், அங்குள்ள ஆயரின் தூண்டுதலால் கிறிஸ்தவர்கள் யூதரின் செபக்கூடத்தைக் கொளுத்திவிட்டார்கள். அந்த ஆயரே தம் செலவில் அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று பேரரசர் தெயோதோசியுஸ் தீர்ப்பளித்தார். நியாயமான தீர்ப்பு. அம்புரோசியார் அதை எதிர்த்தார். பேரரசர் அமர்ந்திருக்கும்போதே அதைப் பற்றிப் பிரசங்கம் செய்து, ஆணையை விலக்குவதாக வாக்குக் கொடுக்கும் வரை பீடத்துக்குப் போக மறுத்து நின்றார். பேரரசர் இணங்கினார். செபக்கூடத்தை இழந்தவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. கடிதத்தில் வருத்தத்தின் சாயல் கூட இல்லை. புனிதர் என்பதற்காக இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. யூதருக்கு எதிரான பகையையும் வன்செயலையும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கண்டித்தது. அந்த ஒளியில் பார்த்தால் அன்று ஆயர் தவறினார், பேரரசரே சரியாக இருந்தார். அதே உறுதி, அதே துணிவு; ஆனால் பாதிக்கப்பட்டவன் பக்கம் அது நிற்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. புனித சின்னப்பர் இரண்டு நிருபங்கள் எழுதினாரே, அந்தத் தெசலோனிக்கா நகரில் மக்களின் அன்புக்குரிய தேரோட்டி ஒருவனைச் சேனைத் தலைவர் சிறையிலிட்டார். கொதித்தெழுந்த கும்பல் சேனைத் தலைவரைக் கொன்றுவிட்டது. தெயோதோசியுஸ் எப்போதும் சினத்துக்கு அடிமை. பழிவாங்க ஆணை பிறப்பித்தார். பிறகு மனம் மாறி அதைத் திரும்பப் பெற ஆள் அனுப்பினார். ஆள் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்களைப் படைவீரர்கள் வாளால் வெட்டினார்கள். இறந்தவர்கள் 7,000 பேர் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். குற்றவாளி யார், வழிப்போக்கன் யார் என்ற கேள்வியே இல்லை.

ஓவியங்களில் நாம் பார்ப்பது: ஆலய வாசலில் அம்புரோசியார் கையை நீட்டிப் பேரரசரைத் தடுத்து நிற்கிறார். காட்சி கம்பீரமானதுதான், ஆனால் அது பின்னால் வந்தவர்கள் கூட்டிச் சொன்னது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நடந்தது இதைவிட அமைதியானது. எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டு அம்புரோசியார் ஊரைவிட்டு வெளியேறினார். எழுத்தர்களிடம் சொல்லி எழுதச் செய்வதே வழக்கம். இந்தக் கடிதத்தை மட்டும் பிறர் கண்ணில் படாதிருக்கத் தம் கையாலேயே எழுதினார். தாவீது அரசர் தம் பாவத்தை ஒப்புக்கொண்டதை நினைவூட்டினார். பேரரசர் ஆலயத்தில் இருந்தால் தம்மால் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது என்று தெரிவித்தார். ஊரறிய அவமானப்படுத்தவில்லை, சொல்ல வேண்டியதில் ஓர் எழுத்தையும் குறைக்கவும் இல்லை. சொன்னதற்கு என்ன தண்டனை வரும் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தெயோதோசியுஸ் பணிந்தார். அரச உடைகளைக் களைந்துவிட்டு, ஆலயத்தில் பாவிகளின் நடுவே நின்று மக்கள் முன்னிலையில் அழுதார். 390-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவில் மறுபடியும் நற்கருணை பெற்றார். ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் இறந்தபோது அடக்கப் பிரசங்கம் செய்தவர் அம்புரோசியாரே. அந்தக் கண்ணீரைத்தான் அவர் பெருமையாக எடுத்துச் சொன்னார். தம்மைப் புகழ்ந்தவனைவிடத் தம்மைக் கண்டித்தவனை விரும்பியவர் என்று இறந்தவரைப் பற்றிக் கூறினார்.

397-இல் அம்புரோசியார் படுக்கையில் விழுந்தார். அறையின் மறுகோடியில் நின்ற தியாக்கோன்மார், அடுத்த ஆயராக யாரை வைக்கலாம் என்று தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். சிம்பிளிசியானுசின் பெயர் வந்தது. வயதாகிவிட்டதே என்று தயங்கினார்கள். அவ்வளவு தூரத்தில் நோயாளியின் காதில் விழுந்திருக்காது என்று அவர்கள் நினைத்திருக்க, படுக்கையிலிருந்து குரல் வந்தது: முதியவர்தாம், ஆனாலும் நல்லவர் என்று மூன்று முறை சொன்னார். அவர்கள் பயந்து ஓடிவிட்டார்களாம்.

பெரிய வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து கைகளைச் சிலுவை வடிவில் விரித்தபடியே செபித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை. ஏப்ரல் 4-ஆம் நாள், பெரிய சனிக்கிழமை விடியுமுன் உயிர் பிரிந்தது. மிலானில் அவர் கட்டிய ஆலயத்திலேயே, அவர் பெயரால் வழங்கும் அந்தக் கோவிலில், அவருடைய உடல் இன்றும் இருக்கிறது. அக்காள் மர்செல்லினாவின் திருப்பண்டங்களும் அங்கேயே.

ஞானஸ்நானம் பெறுவோருக்கு ஆண்டுதோறும் அவர் ஒருவராகவே செய்துவந்த பணியை, அவருக்குப் பின் ஐந்து ஆயர்கள் கூடியும் செய்து முடிக்கத் திணறினார்கள் என்று, அவரிடம் எழுத்தராயிருந்த பவுலீனுஸ் குறித்துவைத்திருக்கிறார். மிலானின் ஆயர் இருக்கையில் அடுத்து அமர்ந்தவர், அம்புரோசியாருக்கு வேதம் கற்றுக்கொடுத்த அந்த முதிய ஆசிரியர் சிம்பிளிசியானுஸ்.